கேட் போனது, பாலம் வரவில்லை

கார்த்திகை மாதம், இரண்டாம் வாரம்.

திங்கள். இரவு முழுவதும் மழை. காலையில் நம் குடியிருப்பின் ரயில்வே சுரங்கப்பாதையில் இடுப்பளவு நீர். இருபுறமும் தடுப்பு வைக்கப்பட்டது.

செவ்வாய். கூடுதல் ரயில் பாதைக்கான மண்வேலை மழையால் நின்றது. நீரை இறைக்க மோட்டார் வந்தது, இயங்கவில்லை. மாலையில் அக்கா காலமானாள்.

புதன். அமரர் ஊர்தி சுரங்கப்பாதை வழியே வர இயலாமல் பெருங்களத்தூர் மேம்பாலத்தைச் சுற்றி வந்தது. அதே வழியே அவளை ஏற்றிக்கொண்டு திரும்பியது. மயானம் தண்டவாளத்துக்கு மறுபுறம், அக்கா வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில் உள்ளது.

வியாழன். நீர் வடியவில்லை.

வெள்ளி. குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது: சுரங்கப்பாதையை நிரந்தரமாக மூடும்படியும், அதற்கு மாற்றாக மின்தூக்கியுடன் கூடிய நடைபாலம் அமைக்கும்படியும் கோருவது. மூடினால்தான் அவசரம் புரியும் என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பலர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். மூத்தவர் என்ற முறையில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டுமாம்.

மேலே உள்ளவை நடந்தவை. கருத்து எதையும் சேர்க்கவில்லை. இனிமேல் வருவது கருத்து.

நான் கையெழுத்திடப் போவதில்லை. காரணத்தை நம் தெருவில் வளர்ந்து இப்போது எழுபதை ஒட்டி நிற்கும் உங்களுக்குத்தான் சொல்ல முடியும். மற்றவர்கள் பிறந்தபோதே சுரங்கப்பாதை இருக்கும் இடத்தில் ரயில்வே கேட் கிடையாது. கேட் ஒன்று இருந்ததையும், அதை எடுக்கச் சொல்லிக் கேட்டவர்கள் நம் அப்பாக்கள்தான் என்பதையும் அறிந்தவர்கள் நாம் சிலர். அந்தச் சிலரிலும் இருவர் அந்தத் தீர்மானத்துக்குக் கைகூப்பியிருக்கிறீர்கள். என்ன சொல்வது.

அன்றைய பாதையை நினைத்துப் பாருங்கள். மின்சார ரயில் தாம்பரத்தோடு நின்றுவிடும். அதற்குத் தெற்கே கரிவண்டிதான். காலை வண்டி புறப்பட்டுப் போன பிறகு கொடியில் காயும் வேட்டிகளில் கறுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும்; விரலால் தட்டினால் இன்னும் பரவும், ஊதித்தான் எடுக்க வேண்டும். என் அம்மாவுக்கு ஆஸ்துமா. எஞ்சின் புகை ஒரு பக்கம், அடுப்புப் புகை ஒரு பக்கம் என்று இரண்டுக்கும் நடுவே அவள் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஆகவே அடுப்பு, பள்ளி இறுதித் தேர்வு முடித்திருந்த அக்காவின் கைக்குப் போயிற்று.

அந்த ஆண்டு கோடையில்தான் தெற்கே மின்கம்பி இழுக்கும் வேலை நம் பக்கம் வந்தது. தண்டவாளத்தின் இருபுறமும் பள்ளம் வெட்டினார்கள். ஈர சிமென்ட் வாசனை நம் பள்ளிக்கூடம் வரை அடித்தது. ஆள் உயர மர உருளைகளில் சுற்றி வந்த செம்புக் கம்பி உங்களுக்கு நினைவிருக்கும். கம்பி தீர்ந்த உருளைக்குள் நாம் படுத்துக்கொள்ள, மற்றவர்கள் உருட்டுவார்கள். வெளியே வரும்போது வானம் சுற்றும். அந்த உருளைகள் பிற்பாடு எங்கே போயின என்று எவருக்கும் தெரியவில்லை. தமுக்கு அடிப்பவர் தெருத்தெருவாக வந்து எச்சரித்தார்: “கம்பியத் தொட்டா சாம்பலு! கிட்டப் போனாலே இழுத்துக்கும்! பட்டம் வுடாதே! ஈரக் குச்சிய நீட்டாதே!” அம்மா சன்னல் வழியே அதைக் கேட்டு, “சாம்பலானா ஆகட்டும், புகை போனாப் போதும்” என்றாள்.

பயணிகளுக்கு விரைவு, சரக்குக்குக் கூடுதல் வண்டிகள்: இலாகாவின் அறிவிப்பு இவ்வளவுதான். நம் அப்பாக்களைக் கலக்கியது அதன் இரண்டாம் பாதி. ஏற்கெனவே சரக்கு வண்டிகளுக்காக நம் கேட் பாதி நாள் மூடியே கிடந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் நெடுஞ்சாலை, பேருந்து, கடை, அலுவலகம், எல்லாம். காலையில் அலுவலகப் பைகளோடு ஒரு கூட்டமே கேட்டில் நின்று கேட்காரரைத் திட்டும். அவர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அசையாமல் பதில் சொல்வார்.

“இன்னா சார் பண்ணச் சொல்றே? கூட்ஸு வண்டலூராண்ட நின்னுகினு கீது. அது போனாத்தான் தொறப்பேன்.”

“எப்பய்யா போகும்?”

“அத்த டிரைவரக் கேளு சார். என்னியக் கேட்டா?”

சரக்கு வண்டிகள் இன்னும் கூடினால் கேட் திறக்கவே திறக்காது என்று நம் அப்பாக்கள் கணித்தார்கள். அந்தக் கணிப்பு தவறல்ல. ஆகவே ஒரு நடைபாலம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதுவும் தவறல்ல. தவறு அதற்கு அடுத்த படியில் இருந்தது.

என் அப்பா சங்கத்தின் செயலாளர். தணிக்கை அலுவலகத்தில் வேலை. எழுதிய எதையும் மூன்று முறை படிப்பவர். எதிர்வீட்டு மாமா ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். மனுவை எழுதும் பொறுப்பு அவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில்வேப் பொறியாளரை எங்கள் வீட்டு முன்னறையில் கூடிய சங்கக் கூட்டத்துக்கு அழைத்து வந்தார்கள். அக்கா வெங்காய பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள். பொறியாளர் நல்ல மனிதர்; இரண்டாம் முறையும் பஜ்ஜி வாங்கிக்கொண்டார்.

“பாலம் தரலாம் சார்” என்றார். “ரெண்டு பக்கமும் படி இறங்கற இடத்தை நீங்க முடிவு பண்ணிச் சொல்லணும். அத்தனை வீட்டுக்காரங்களும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுத் தாங்க. பாலம் முடியற வரைக்கும் கேட் இருக்கட்டுமா?”

“வேண்டாம்” என்றார் போஸ்ட்மாஸ்டர் மாமா. “கேட் இருந்தா உங்க ஆபீஸ்ல பாலத்தை மறந்துடுவாங்க. முதல்ல கேட்டை எடுங்கோ. வழி இல்லேன்னாத்தான் அவசரம் புரியும்.”

அறையில் எல்லாரும் தலையாட்டினார்கள். கூர்மையான யோசனை என்று ஒருவர் ஆங்கிலத்தில் பாராட்டினார். கடைசி வரிசையிலிருந்து மரக்கடை பாய் மட்டும் எழுந்தார். அவர் வீடு நம் பக்கம், கடை சாலைப் பக்கம்.

“அவசரம் அவங்களுக்கா, நமக்கா சார்? மொதல்ல பாலம் நிக்கட்டும். அப்புறம் கேட்டை எடுக்கட்டும்.”

“பாய்க்கு மரவண்டி வந்து போகணும், அதான்” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். பாயும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு மரவண்டி வந்து போகத்தான் வேண்டியிருந்தது. அதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது என்று அந்த அறையில் இருந்த பட்டதாரிகள் எவருக்கும் தோன்றவில்லை.

பஜ்ஜித் தட்டோடு வாசற்படியில் நின்ற அக்கா, எல்லாரும் போன பிறகு கேட்டாள்.

“பாலம் வர்ற வரைக்கும் எப்படிப்பா போறது?”

“ரெண்டு மாசம்மா. ஒரு வாரத்துல கையெழுத்து, மிச்சம் கட்டற நேரம்.”

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சாலைப் பக்கம் இருந்த ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கேட் வழியாகப் போனால் பக்கம். முதல் மணி அடித்த பிறகு கிளம்பினால்கூட இரண்டாம் மணிக்குள் போய்விடலாம் என்று நாங்கள் கேலி செய்வோம். பாய் வீட்டுப் பெண்ணும் அவளும் சேர்ந்தே விண்ணப்பித்து, சேர்ந்தே இடம் பெற்றவர்கள். அந்தக் கோடை முழுவதும் அக்கா எங்கள் சமையலறைக் கதவின் பின்புறத்தைக் கரும்பலகையாக்கி, ரசம் கொதிக்கும் நேரத்தில் எனக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். கேள்விக்கு நான் தப்பாகப் பதில் சொன்னால் அடிக்க மாட்டாள். “சரி, அப்படியே வெச்சுக்குவோம். இப்ப என்ன ஆகுது பாரு” என்று என் தவற்றையே கடைசி வரை போட்டுக் காட்டுவாள். நான் பிற்பாடு கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியது அந்த முறையில்தான். அதற்காக எனக்குப் பாராட்டு விழாவெல்லாம் எடுத்தார்கள்.

பயிற்சிப் பள்ளி திறந்த அதே வாரத்தில் கேட்டை எடுத்தார்கள். பழைய தண்டவாளத் துண்டுகளைச் சாலையின் குறுக்கே நட்டு, இரு பக்கமும் கம்பிவேலி இழுத்தார்கள். போஸ்ட்மாஸ்டர் மாமா மைசூர்பாகு வழங்கினார். கோரிக்கையில் பாதி நிறைவேறிவிட்டதாம். கேட்காரருக்குக் கூடுவாஞ்சேரிக்கு மாற்றல். பச்சை, சிவப்புக் கண்ணாடி வைத்த அவருடைய கைவிளக்கைச் சணல் பையில் போட்டுக்கொண்டு எங்கள் வாசல் வழியே போனார். மைசூர்பாகுத் துண்டு அவருக்கும் கிடைத்தது.

“ஏன் சார், கேட்டு மூடிக்கீதுன்னு என்னியத் திட்டினே. இப்ப ஒரேயடியா மூடிட்டு ஸ்வீட்டு குடுக்கறே?” என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா அதைக் குறும்பு என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு தொடங்கியது படி இறங்கும் இடத்தைப் பற்றிய விவாதம். மின்கம்பிக்கு மேலே போக வேண்டியிருப்பதால் பாலம் வழக்கத்தைவிட உயரமாக இருக்கும் என்று பொறியாளர் விளக்கியிருந்தார். உயரம் என்ற அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. உயரத்தில் நடப்பவர்களுக்கு நம் கொல்லைகள் தெரியும். கொல்லையில் கிணறு இருக்கிறது. கிணற்றடியில் பெண்கள் குளிக்கிறார்கள். ஆகவே வடக்குத் தெருக்காரர்கள் பாலம் தெற்கே வரட்டும் என்றார்கள். தெற்குத் தெருக்காரர்கள் வடக்கே வரட்டும் என்றார்கள். பெண்களின் மானத்தைக் காக்க நடந்த அந்தக் கூட்டங்கள் எதற்கும் ஒரு பெண்ணையும் அழைக்கவில்லை. கிணற்றடிக்கு ஓலைத் தட்டி கட்டிக்கொள்வதுதானே என்று அம்மா சமையலறையிலிருந்து இருமிக்கொண்டே சொன்னாள். அது குறிப்பேட்டில் ஏறவில்லை.

பொறியாளரின் ஆட்கள் வடக்கே சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அவை தெற்கே இருந்தன. அதற்கு மறுநாள் எங்கும் இல்லை. ஒரு முளை போஸ்ட்மாஸ்டர் மாமா வீட்டில் துணிக்கொடிக்குக் கால் ஆனதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். சிவப்புத் துணியைக்கூட மாமி கழற்றவில்லை. பொறியாளர் மறுபடி வந்தார். “எந்த இடமானாலும் எனக்குச் சரி சார். ஏதாவது ஒரு இடம் சொல்லுங்க” என்று கெஞ்சும் குரலில் கேட்டார். சொல்கிறோம் என்றார்கள். கையெழுத்து ஒரு வாரத்தில் வரவில்லை. ஆடியில் வரவில்லை. ஆவணியில் வரவில்லை. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இதற்கிடையில் வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி உண்டாகியிருந்தது. யார் வளைத்தார்கள் என்று தெரியாது. எல்லாரும் அதன் வழியே போனார்கள். மனுவை எழுதிய மாமா போனார். வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒற்றுமையாக வரிசையில் நின்றன. எங்கள் வீடு மட்டும் போகவில்லை. செயலாளர் வீடு அல்லவா. கேட் ஆபத்து என்று மனுவில் காரணம் காட்டிக் கையெழுத்திட்டவர், கேட்கூட இல்லாத இடத்தில் தண்டவாளத்தைத் தாண்டுவது எப்படி என்பது அப்பாவின் வாதம். தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. பெருங்களத்தூர் வரை நடந்து, அங்கிருந்த கேட்டைக் கடந்து, மறுபுறம் சாலை வழியே அதே தூரம் திரும்பி வர வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அலுவலகத்துக்கு ரயிலிலேயே போய்விடலாம் என்றால், கம்பி இழுக்கும் வேலைக்காகக் காலை வண்டிகள் எப்போது வரும், எது ரத்து என்பது ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியாது.

அப்பாவும் சுற்றித்தான் நடந்தார். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. ஆனால் அவர் நடந்தது தம் கொள்கைக்காக. அக்கா நடந்ததும் அவருடைய கொள்கைக்காகவே. அது மட்டுமல்ல, அவர் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருந்ததால் சமையல் அதற்கும் முன்னதாக முடிய வேண்டும். அவருடைய அலுமினிய டிபன் கேரியரைக் கட்டிக் கொடுத்து, அம்மாவுக்குக் கஷாயம் வைத்து, அதன் பிறகே அவள் புடைவையை மாற்றிக்கொள்வாள். பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் மணிக்குப் பின் வந்தால் வாசலில் நிற்க வேண்டும். அரை நாள் வருகை போய்விடும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கம்பத்துக்கு வெட்டிய பள்ளங்கள் நிரம்பித் தவளைகள் கத்தின. ஒரு நாள் காலை அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு, குடையோடு வேலி இடைவெளியில் போய் நின்றார். தண்டவாளத்தைத் தாண்டுகிறவர்களைத் தடுப்பதற்காக. நான் பள்ளிக்குப் போகும் வழியில் அதைப் பார்த்து நின்றுவிட்டேன்.

“இது சட்டப்படி குற்றம் சார்” என்றார் அப்பா.

“குற்றந்தான் சார்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஒருவர் தாண்டிப் போனார்.

“மின்சாரம் விட்டுட்டா உயிருக்கே ஆபத்து.”

“ஆமா சார், நீங்க சொல்றது கரெக்ட். கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?”

ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டார்கள், ஒவ்வொருவரும் போனார்கள். போஸ்ட்மாஸ்டர் மாமி அப்பாவின் குடைக்குக் கீழேயே குனிந்து நுழைந்தாள். பாய் வீட்டுப் பெண் புத்தகங்களைத் துப்பட்டிக்குள் மறைத்துக்கொண்டு தாண்டி, மறுபுறம் போய்த் திரும்பி நின்றாள். அப்போதுதான் அக்கா வந்தாள். நேரமாகிவிட்டிருந்தது.

“வாடி, ரெண்டு எட்டு” என்றாள் மாமி அந்தப் பக்கத்திலிருந்து.

அக்கா அப்பாவைப் பார்த்தாள். “நான் போகட்டுமாப்பா?”

அப்பா கோபப்படவில்லை. களைத்துப்போன குரலில், “நீயுமாம்மா?” என்றார்.

அவள் குடையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு பெருங்களத்தூர்ப் பக்கம் திரும்பி நடந்தாள். அவள் வாதாடியிருக்கலாம். அவள் வாதாடக்கூடியவள். அந்த ஒரு கேள்வியில் அப்பா ஊர் முழுவதிடமும் தோற்றுப் போய் நின்றதை அவள் கண்டுவிட்டாள். தன்னிடமும் தோற்க வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இது என் ஊகம். நான் அவளிடம் கேட்டதில்லை. புதன்கிழமைக்குப் பிறகு கேட்க இயலாது.

மார்கழியில் தலைமையாசிரியை அப்பாவை வரச் சொன்னார். வருகை குறைவு. அப்பா பாலத்தைப் பற்றி விளக்கினார். பொங்கலுக்குள் வந்துவிடும் என்றார். “அப்ப பாலம் வந்தப்புறம் அனுப்புங்க சார். அடுத்த வருஷம் சேர்த்துக்கலாம்” என்றார் அந்த அம்மையார். அப்பா வீட்டுக்கு வந்து, “நியாயமான மனுஷி” என்றார். அக்கா அடுப்பைப் பார்த்தபடி, “சரிப்பா” என்றாள். அன்று கதவின் பின்புறத்தை ஈரத்துணியால் துடைத்தாள். பின்னக் கணக்கு நின்றுபோயிற்று.

சித்திரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பெருங்களத்தூரில் அதற்கு மாலை போட்டார்கள். அப்பா மேடையில் இருந்தார். புகை இல்லாமல், கொம்பு மட்டும் ஊதிக்கொண்டு வந்து நின்ற அந்த வண்டியைக் கண்டு அம்மா அழுதாள். அம்மாவின் மூச்சு நிஜமாகவே தேறியது. அவள் நெடுநாள் இருந்தாள். அந்த ரயிலை நான் குறை சொல்ல மாட்டேன். அது வருவதாகச் சொன்னபடி வந்தது. பத்து நிமிடத்தில் தாம்பரம் என்று எல்லாரும் வியந்தார்கள். “நமக்குத் தண்டவாளத்தத் தாண்டத்தான் ஒரு வருஷம் ஆகுது” என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்; நானும்.

அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு முன்பே வரன் வந்தது. மாப்பிள்ளை வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே, இரண்டு தெரு தள்ளி. தாண்ட வேண்டியதில்லை என்று அப்பா அதை ஒரு வசதியாகவே குறிப்பிட்டார். பாலத்துக்கான இடம் அவர் காலத்தில் முடிவாகவில்லை. சுரங்கப்பாதை வந்தபோது அக்காவுக்குப் பேரன் பிறந்திருந்தான்.

புதன்கிழமை பொழிச்சலூரிலிருந்து பாய் வீட்டு அக்கா வந்திருந்தார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சுரங்கப்பாதை மூடியிருந்ததால் அவரும் சுற்றித்தான் வந்தார். முழங்கால் வலியோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். அக்காவின் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, அந்த வருஷம் பூரா நான் தாண்டினதும் உடனே போக மாட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நிப்பேன். இன்னைக்காவது வருவாளான்னு. எனக்கும்தான் லேட் ஆச்சு, திட்டு வாங்கினேன். உங்கப்பாவ நெனச்சா இப்பக்கூட எனக்கு ஆத்திரமா வருது. நல்ல மனுஷன். அதான் இன்னும் ஆத்திரம்.”

எனக்கு இத்தனை ஆண்டுகளாகச் சொல்ல வராத வாக்கியம் அது.

மூடினால் அவசரம் புரியும் என்கிறீர்கள். எவருக்குப் புரியும்? அக்கா அத்தானின் மறைவுக்குப் பிறகு தன் மாடியறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவந்தாள். காசு வாங்கவில்லை, ஆகவே அதைப் பொழுதுபோக்கு என்று நாம் எல்லாரும் சொன்னோம். அவர்களில் பாதிப்பேர் சாலைப் பக்கத்துப் பிள்ளைகள். மாடியறைக் கரும்பலகையை நான் நேற்றுதான் பார்த்தேன். இன்னும் அழிக்கவில்லை.

செய்யாமல் இருப்பவை:

குடும்ப அட்டையில் பெயர் நீக்கம்.

பாய் வீட்டு அக்காவுக்குத் தொலைபேசி. வீடு போய்ச் சேர்ந்தாரா என்றுகூடக் கேட்கவில்லை.

சாலைப் பக்கத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்குச் செய்தி. அவர்களுக்கு இன்னும் தெரியாது.

ஆறாம் வகுப்புக்குப் பின்னங்களின் வகுத்தல். அக்கா பெருக்கல் வரை நடத்தியிருக்கிறாள். அரையாண்டுத் தேர்வு அடுத்த வாரம்.